இலவச மின்சாரமும் இறங்கும் நீர்மட்டமும்: ஒரு ஏக்கர் நெல்லின் கணக்கு

கோடையில் முழுக்க போர் தண்ணீரை நம்பி ஒரு ஏக்கர் நெல் போட்டால், நாற்றங்காலில் இருந்து அறுப்பு வரை ஏறக்குறைய 1,200 மி.மீ. தண்ணீர் பாய்ச்ச வேண்டும். ஒரு ஏக்கர் பரப்பில் அது 4,850 கன மீட்டர், அதாவது 48.5 லட்சம் லிட்டர். இந்தத் தண்ணீரை 50 அடியில் இருந்து எடுக்க எவ்வளவு மின்சாரம் ஆகும், 300 அடியில் இருந்து எடுக்க எவ்வளவு, 600 அடியில் இருந்து எடுக்க எவ்வளவு என்று பார்த்தாலே தமிழ்நாட்டின் நிலத்தடி நீர்ப் பொருளாதாரம் பெரும்பாலும் புரிந்துவிடும்.

ஆயிரம் லிட்டரை ஒரு மீட்டர் உயரம் தூக்க, இயற்பியல்படி 0.0027 யூனிட் போதும். வயலில் ஓடும் மோட்டாருக்கு அது போதாது. மோட்டாரின் காயில் (கம்பிச் சுருள்) சூடாவது, பம்புக்குள் தண்ணீர் சுழன்று அலைவது, குழாயில் உராய்வது என்று பாதிக்கும் மேல் போய்விடும். மின்சாரத்தில் 40 சதவீதம் தண்ணீரைத் தூக்கப் பயன்பட்டாலே அது நல்ல நிலையில் உள்ள பம்பு செட். அந்தத் திறனில் ஆயிரம் லிட்டரை ஒரு மீட்டர் தூக்க 0.0068 யூனிட் ஆகும். ஆக, ஒரு ஏக்கர் கோடை நெல்லுக்கு 50 அடியில் 500 யூனிட், 300 அடியில் 3,000 யூனிட், 600 அடியில் 6,000 யூனிட்.

மின்சாரத்தை உற்பத்தி செய்து கம்பி வழியே வயலுக்குக் கொண்டுசேர்க்க யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த ஒரு ஏக்கருக்கு அரசு செலவிடுவது முறையே 3,500 ரூபாய், 21,000 ரூபாய், 42,000 ரூபாய். ஏக்கருக்கு 25 குவிண்டால் விளைந்து, 2025-26க்கு ஒன்றிய அரசு அறிவித்த 2,369 ரூபாய் ஆதரவு விலையில் விற்றால் கைக்கு வருவது 59,000 ரூபாய்ச் சொச்சம். 600 அடியில் இருந்து தண்ணீர் எடுத்து விளைவித்த நெல்லின் மதிப்பில் பத்தில் ஏழு பங்கு, யாருடைய பில்லிலும் வராத மின்சாரமாகவே போய்விடுகிறது.

இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 50 அடி ஏக்கருக்கு 350 கிலோ, 600 அடி ஏக்கருக்கு 4.2 டன். தேங்கிய வயலில் இருந்து எழும் மீத்தேன் இதில் சேரவில்லை. ஒரு டன் கரியமில வாயுவால் உலகுக்கு வரும் சேதத்தை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2023-ல் 190 டாலர் என்று மதிப்பிட்டது. அந்த எண் எவ்வளவு என்பதில் பொருளாதார அறிஞர்களுக்குள் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. அதில் கால்பங்கை எடுத்துக்கொண்டாலும் 600 அடி ஏக்கரின் கார்பன் சேதம் பதினைந்தாயிரம் ரூபாயைத் தாண்டும்.

நீர்மட்டம் இறங்க இறங்க அதே நெல்லுக்கு அதிக மின்சாரம் ஆகிறது. அந்த மின்சாரத்துக்காக அதிக நிலக்கரி எரிகிறது. வெப்பம் கூடினால் பயிருக்கு வேண்டிய தண்ணீரும் கூடுகிறது. அதை எடுக்கும்போது நீர்மட்டம் இன்னும் இறங்குகிறது. பருவநிலை மாற்றமும் நிலத்தடி நீரும் இப்படி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போவதை வேறு எங்கும் தேட வேண்டாம், கோவை, சேலம், தருமபுரி மாவட்டங்களின் எந்தத் தோட்டத்திலும் பார்க்கலாம்.

இலவசம் வந்த வழி

1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் வந்த பிறகு, கோவைப் பகுதிக் கிணறுகளில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலை ஏற்றத்தின் இடத்தை மின் மோட்டார் மெல்லப் பிடித்தது. அணைப் பாசனம் இல்லாத மேட்டு நிலத்தில் மின்சாரம்தான் வாய்க்கால். அதனால்தான் யூனிட்டுக்குச் சில பைசா கட்டணம் ஏறியபோதும் அங்கே ஊரே திரண்டது. 1970-ல் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தார்கள். 1972-ல் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை நகரத்தை மாட்டு வண்டிகள் நிறைத்தன. சிறு விவசாயிகளுக்கு முதலில் விலக்கு கிடைத்தது. 1989-ல் அமைந்த தி.மு.க. ஆட்சியில் அது எல்லா விவசாயிகளுக்கும் ஆனது. 2003-ல் இலவசம் நிறுத்தப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தல் முடிவு வந்த கையோடு திரும்பக் கொடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் அதைத் தொடவில்லை. இன்று 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் இருக்கின்றன.

இந்த வரலாற்றை மறந்துவிட்டு ‘மீட்டர் போடு, கட்டணம் வாங்கு’ என்று சொல்வதில் பயன் இல்லை. அது நியாயமும் இல்லை. காவிரி ஆயக்கட்டு விவசாயிக்குத் தண்ணீர் அணையில் இருந்து வருகிறது. அணைக்கும் வாய்க்காலுக்கும் அரசுதான் செலவு செய்தது. மேட்டு நில விவசாயி தன் கிணற்றைத் தானே வெட்டினார், தன் போரைத் தானே போட்டார். அவருக்கு அரசு கொடுத்தது மின்சாரம் ஒன்றுதான். அதைப் பறிப்பது தீர்வு ஆகாது.

ஆனால் உதவி போய்ச்சேரும் விதத்தில் பெரிய அநீதி இருக்கிறது. மேலே போட்ட கணக்கின்படி 50 அடிக் கிணற்றுக்காரருக்கு ஏக்கருக்கு 3,500 ரூபாய் போகிறது, 600 அடி போர்க்காரருக்கு 42,000 ரூபாய் போகிறது. கிணறே இல்லாத மானாவாரிக்காரருக்கு ஒரு பைசாவும் இல்லை. ஆழமாகத் தோண்டுகிறவருக்கு அதிகம் கிடைக்கும் மானியம் இது. உதவி யூனிட்டோடு கட்டப்பட்டிருக்கிறது. அதை அவிழ்த்து விவசாயியோடு கட்ட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பாறைக்குள் எவ்வளவு இருக்கிறது

தமிழ்நாட்டு நிலப்பரப்பில் நான்கில் மூன்று பங்கு கடினப் பாறை. டெல்டா மணல்போல அது தண்ணீரைப் பிடித்து வைக்காது. மேலே சில பத்து அடிக்குச் சிதைந்த பாறை, அதற்குக் கீழே விரிசல்கள், அவ்வளவுதான். இந்த அடுக்கின் கொள்ளளவில் நாம் இறைத்து எடுக்கக்கூடிய தண்ணீர் 1 முதல் 3 சதவீதம். 2 சதவீதம் என்று கொண்டால், ஊர் முழுக்கச் சேர்ந்து ஓர் ஆண்டில் ஊறியதைவிட 100 மி.மீ. கூடுதலாக எடுக்கும்போது நீர்மட்டம் 5 மீட்டர், அதாவது 16 அடி இறங்கிவிடும். ஆழம் போகப் போக விரிசல்களும் குறையும். 300 அடியில் கிடைக்காத தண்ணீர் 1,000 அடியில் கிடைத்தால் அது பெரும்பாலும் பழைய சேமிப்பு. கொஞ்ச நாள் கொட்டும், பிறகு வற்றிவிடும்.

வரவு என்ன? மாநிலத்தின் சராசரி மழை 920 மி.மீ.யை ஒட்டியது. கடினப் பாறையில் அதில் பத்தில் ஒரு பங்கு கீழே இறங்கினால் நல்லது. ஏறக்குறைய 92 மி.மீ. ஒரு ஏக்கர் கோடை நெல்லுக்கு 1,200 மி.மீ. என்றால், பதின்மூன்று ஏக்கர் நிலத்தில் ஓர் ஆண்டு முழுக்க ஊறிய தண்ணீரை அந்த ஒரு ஏக்கர் குடிக்கிறது. வயலில் தேங்கி மறுபடி கீழே இறங்குவதை 30 சதவீதம் என்று கழித்தாலும் ஒன்பது ஏக்கர். அந்த ஒன்பது ஏக்கரில் பெரும்பகுதி பக்கத்து மானாவாரிக் காடுகள். கம்பும் சோளமும் விதைக்கும் அந்தக் காட்டுக்காரர்களின் மழைதான் போர்க்காரரின் நெல்லாகிறது. எந்த ஆவணத்திலும் இந்தக் கடன் பதிவாவதில்லை.

2020-ல் எடுத்த கணக்கின்படி தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் (சில ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) 435-ல் ஊறுவதைவிட அதிகம் எடுக்கப்பட்டது. 409 மட்டுமே பாதுகாப்பானவை. அடுத்து வந்த நல்ல மழை ஆண்டுகளில் நிலைமை ஓரளவு தேறியது. அது மழையின் புண்ணியம்.

மழையை நம்பி இருப்பதில் உள்ள ஆபத்தை 2016 காட்டியது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை 440 மி.மீ.க்குப் பதிலாக 170-க்கும் கீழே நின்றது, 62 சதவீதம் குறைவு. நிலத்தடி நீரின் பெரிய மதிப்பே இப்படிப்பட்ட ஆண்டுகளில்தான். ஏரி வறண்டாலும் பூமிக்கு அடியில் ஒரு காப்பீடு இருக்க வேண்டும். பருவமழை முறைதவறும் காலத்தில் அந்தக் காப்பீட்டின் மதிப்பு கூடிக்கொண்டே போகிறது. நல்ல ஆண்டுகளிலேயே அதை இறைத்துத் தீர்த்துவிட்டால் கெட்ட ஆண்டில் கைகொடுக்க எதுவும் இருக்காது. நாலைந்து நாளில் கொட்டித் தீர்க்கும் மழை பாறை நிலத்தில் ஓடையாய் ஓடிவிடும். அதே அளவு மழை இருபது நாளாகத் தூறினால் கிணற்றில் ஊறும். எனவே ஆண்டு மொத்தம் மாறாமல் இருந்தாலும் ஊற்று குறையலாம்.

விவசாயி ஏன் நிறுத்துவதில்லை

பேராசை என்று சொல்லிவிடுவது எளிது, அது தவறும்கூட. என் போரில் நான் இறைக்காமல் விட்ட தண்ணீர் எனக்காகக் காத்திருக்காது. பக்கத்துத் தோட்டத்து 7.5 எச்.பி. மோட்டார் அதை இழுத்துக்கொள்ளும். என் சிக்கனத்தின் பலன் எனக்கு வராது, அடுத்தவருக்குப் போகும். இருவரும் சேர்ந்து நிறுத்தினால் இருவருக்கும் லாபம். ஒருவர் மட்டும் நிறுத்தினால் அவருக்கு மட்டும் நட்டம்.

இதோடு வட்டியும் சேர்கிறது. பத்து ஆண்டு கழித்துக் கிடைக்கும் 100 ரூபாய், 4 சதவீத வட்டியில் யோசிக்கும் அரசுக்கு இன்று 68 ரூபாய் பெறும். மூன்று வட்டிக்குக் கடன் வாங்கியவருக்கு, அதாவது ஆண்டுக்கு 36 சதவீதம் கட்டுகிறவருக்கு, அதே 100 ரூபாய் இன்று 5 ரூபாய்கூடப் பெறாது. அந்த மூன்று வட்டிக் கடனில் பெரும்பகுதி போர் போடவே வாங்கியது. ரிக் வண்டி அடிக்கணக்கில் வாங்கும், ஆழம் கூடக் கூட அடிக்கு விலையும் ஸ்லாப் ஸ்லாபாக ஏறும். கேசிங் பைப், கேபிள், மோட்டார் தனி. தண்ணீர் வராமல் புழுதி மட்டும் பறந்தாலும் ரிக்குக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும். மின்சாரம் இலவசம் என்றாலும் தண்ணீர் இலவசமாகக் கிடைப்பதில்லை. யூனிட்டில் கட்டாததை விவசாயி அடியில் கட்டுகிறார். நீர்மட்டம் இறங்கும்போது முதலில் வறள்வது சிறு விவசாயியின் திறந்த கிணறு. கிணற்றுக்குள் சைடு போர் போட்டுப் பார்த்து, பிறகு தனிப் போர் போட்டு, அதுவும் பொய்த்ததும் திருப்பூரில் வேலை தேடிப் போகிறவர் அவர்தான்.

மோட்டாரைக் கிட்டே போய்ப் பார்த்தால்

கட்டணம் இல்லாத மின்சாரம் மோட்டாரையும் மாற்றிவிடுகிறது. திறன் குறைந்த மோட்டாரால் விவசாயிக்கு எந்த நட்டமும் இல்லை. அவருக்கு வேண்டியது வோல்டேஜ் இறங்கினாலும் நிற்காத, காயில் எரிந்தாலும் உள்ளூரிலேயே கட்டிக்கொள்ளக்கூடிய மோட்டார். ஆகவே தேவைக்கு மேல் எச்.பி. போடுகிறார். 5 எச்.பி.க்கு இணைப்பு வாங்கி 7.5 ஓட்டும் தோட்டங்கள் உண்டு. ஒரு டிரான்ஸ்பார்மரில் பத்துப் பேர் இப்படிச் செய்தால் கடைசிக் கம்பத்தில் வோல்டேஜ் இறங்கும். இறங்கினால் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், காயில் சூடாகி எரியும். திரும்பக் கட்டிய மோட்டார் பழைய திறனுக்கு வருவது அரிது. நெடுங்காலம் மும்முனை மின்சாரம் பகலில் 6 மணி நேரமும் இரவில் 3 மணி நேரமும் என்று பிரித்துக் கொடுக்கப்பட்டதால், கரண்ட் வந்ததும் தானாக எடுக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர் எல்லா ஷெட்டிலும் ஏறியது. வயலுக்குத் தண்ணீர் தேவையா என்று பார்த்து மோட்டாரைப் போடும் வழக்கம் அதோடு போனது.

உங்கள் செட் எப்படி ஓடுகிறது என்பதை அரை மணி நேரத்தில் கணக்கிடலாம். குழாய் வாயில் 200 லிட்டர் டிரம்மை வைத்து நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 40 நொடி என்றால் நொடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18 கன மீட்டர். எலக்ட்ரீஷியனிடம் உள்ள கிளாம்ப் மீட்டரை ஒரு வயரில் மாட்டினால் ஆம்பியர் தெரியும். 12 ஆம்பியர், 400 வோல்ட், பவர் ஃபேக்டர் 0.8 என்றால் 12 × 400 × 1.732 × 0.8, அதாவது 6.65 கிலோவாட். மோட்டார் ஓடும்போது நீர்மட்டம் 60 மீட்டரில் நின்றால், ஆயிரம் லிட்டருக்கு ஆகும் மின்சாரம் 0.37 யூனிட். இயற்பியல் கேட்பது 0.164. திறன் 44 சதவீதம், நல்ல செட்.

அதே செட் இரண்டு கோடை கழித்து, நீர்மட்டம் 90 மீட்டருக்குப் போன பிறகு என்ன ஆகும்? 60 மீட்டருக்குத் தேர்ந்த ஸ்டேஜ் (பம்புக்குள் அடுக்கிய சக்கரங்கள்) எண்ணிக்கை 90 மீட்டருக்குப் போதாது. வரத்து மணிக்கு 8 கன மீட்டராக விழும், மோட்டார் இழுப்பது 5.8 கிலோவாட்டுக்குத்தான் குறையும் என்று வையுங்கள். ஆயிரம் லிட்டருக்கு 0.73 யூனிட், திறன் 34 சதவீதம். ஆழம் ஒன்றரை மடங்கு கூடியது, மின்சாரமோ இரட்டிப்பானது. வரத்து மிகக் குறைந்த போர்களில் கம்ப்ரசர் வைத்துக் காற்றடித்துத் தண்ணீரை மேலே தள்ளுகிறார்கள். அது நீர்மூழ்கி மோட்டாரைவிட இரண்டு மூன்று மடங்கு மின்சாரம் தின்னும். பில் வருமானால் எவரும் ஒரு மாதம்கூட ஓட்டமாட்டார்கள்.

நல்லது என்று நினைத்தவை

சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் கிடைக்கிறது. விளைச்சலுக்கும் ஆள் செலவுக்கும் அது உண்மையிலேயே நல்லது. நீர்மட்டத்துக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. வாய்க்கால் பாசனத்தில் ‘வீணான’ தண்ணீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி ஊற்றுக்கே திரும்பியது. சொட்டுநீரில் அது நின்றுவிடும். மிஞ்சிய தண்ணீரில் இன்னும் ஒரு ஏக்கர் வாழையோ தென்னையோ வந்துவிட்டால், மொத்தம் எடுப்பது குறையாது, கூடவும் செய்யும். பரப்புக்கு வரம்பு இல்லாத சொட்டுநீர் மானியம் நிலத்தடி நீரைக் காப்பாற்றாது.

சோலார் பம்பிலும் இதே சிக்கல். 2019-ல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் தனியாக நிற்கும் சோலார் பம்புக்கு ஒன்றிய அரசு 30 சதவீதம் தருகிறது, மாநிலம் குறைந்தது 30 சதவீதம் சேர்க்கிறது. கார்பன் கணக்கில் இது லாபம்தான். ஆனால் ஒருமுறை பேனல் வைத்துவிட்டால் அடுத்த யூனிட்டின் விலை பூஜ்யம். வெயில் உள்ள நாளெல்லாம் பகலில் தடையில்லாத மின்சாரம். எங்கே நீர்மட்டம் மேலே இருக்கிறதோ, டெல்டாவின் சில பகுதிகள் போல, அங்கே இது சரி. அதிகம் உறிஞ்சப்பட்ட குறுவட்டத்தில் தனி சோலார் பம்பு கொடுப்பது, வறட்சியை மானியம் கொடுத்து அழைப்பது.

சட்டமும் இருந்தது. நிலத்தடி நீரை மேலாண்மை செய்ய 2003-ல் தமிழ்நாடு ஒரு சட்டம் கொண்டுவந்தது. நடைமுறைக்கே வராமல் 2013-ல் திரும்பப் பெறப்பட்டது. லட்சக்கணக்கான போர்களுக்கு முன்னால் அதிகாரியை நிறுத்த முடியாது.

மிச்சப்படுத்திய யூனிட்டுக்குப் பணம்

மின்சாரத்துக்கு விலை வைக்காமலேயே, அதை மிச்சப்படுத்துவதற்கு விலை வைக்கலாம். விவசாயிக்கு இவ்வளவு யூனிட் என்று ஓர் உரிமை. அதற்குள் எவ்வளவு ஓட்டினாலும் இலவசம். ஓட்டாமல் விட்ட யூனிட்டுக்கு வங்கிக் கணக்கில் பணம். பஞ்சாப் 2018-ல் ‘பானி பசாவோ, பைசா கமாவோ’ (தண்ணீரைச் சேமி, பணம் சம்பாதி) என்ற பெயரில் யூனிட்டுக்கு 4 ரூபாய் வைத்து இதைத் தொடங்கியது. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற ஊரில் 2016-ல் ஆறு விவசாயிகள் சோலார் கூட்டுறவு அமைத்தார்கள். பேனலில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பம்பு ஓட்டலாம், ஓட்டாததைக் கட்டமைப்புக்கு விற்கலாம். 2018-ல் குஜராத் அரசு சூரியசக்தி கிசான் திட்டத்தில் இதையே பெரிதாக எடுத்துச் சென்றது. முதல் ஏழு ஆண்டு யூனிட்டுக்கு 7 ரூபாய், அதில் பாதி மாநில அரசின் மானியம்.

இந்த முறையின் சிறப்பு எங்கே என்று நம் ஏக்கர் கணக்கில் பாருங்கள். நெல்லுக்குப் பதில் நிலக்கடலை போட்டால் தேவை 550 மி.மீ.க்கு இறங்கும். யூனிட்டுக்கு 4 ரூபாய் வைத்தால், 50 அடிக் கிணற்றில் பயிர் மாற்றியவருக்குக் கிடைப்பது 1,100 ரூபாய். 300 அடியில் 6,500 ரூபாய். 600 அடியில் 13,000 ரூபாய். தண்ணீர் மேலே உள்ள இடத்தில் இந்தப் பணம் யாரையும் அசைக்காது, அங்கே அசைய வேண்டிய தேவையும் குறைவு. தண்ணீர் ஆழத்தில் உள்ள இடத்தில் அது பயிரையே மாற்றவைக்கும். எந்த அதிகாரியும் ஆழம் பார்த்து விதி போட வேண்டியதில்லை. அரசுக்கும் நட்டமில்லை: 7 ரூபாய் செலவாகும் யூனிட்டை 4 ரூபாய் கொடுத்துத் தவிர்க்கிறது.

சிக்கல்கள் நடைமுறையில்தான். முதலாவது, உரிமையை எப்படி நிர்ணயிப்பது? போன ஆண்டு ஓட்டியதை அடிப்படையாக வைத்தால், அதிகம் உறிஞ்சியவருக்கே அதிகப் பரிசு. முன்கூட்டி அறிவித்தால், அடிப்படை ஆண்டில் மோட்டாரை இரவும் பகலும் ஓட்டி எண்ணை ஏற்றுவார்கள். எச்.பி. கணக்கில் வைத்தால் பெரிய மோட்டார் வைத்தவருக்கு லாபம். ஏக்கர் கணக்கில், அதிகபட்சம் ஐந்து ஏக்கர் என்ற வரம்போடு, குறுவட்டத்தின் சராசரி ஆழத்தை வைத்து நிர்ணயிப்பதே நியாயத்துக்குக் கிட்ட வருகிறது.

இரண்டாவது, பணம் யார் கணக்குக்குப் போகும்? பல இணைப்புகள் இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கின்றன. பட்டாவும் பாகப்பிரிவினையும் முடியாமல் கிடக்கும் குடும்பங்களில் இது அடிதடியில் முடியும். குத்தகைக்கும் வாரத்துக்கும் (விளைச்சலில் பங்கு) உழுகிறவர்கள் நிலை இன்னும் மோசம். இன்று இலவச மின்சாரம் ஓட்டுகிறவருக்குக் கிடைக்கிறது, பணமாக மாறினால் நிலத்துக்காரருக்குப் போய்விடும். பெயர் மாற்ற முகாம் நடத்தி முடிக்காமல் எந்த ஊரிலும் இதைத் தொடங்கக் கூடாது.

மூன்றாவது, மீட்டர் மேல் உள்ள அச்சம். இன்று மீட்டர், நாளை பில் என்று விவசாயி நினைப்பதற்கு 2003-ல் இலவசம் நின்றதே போதும். ஆகவே வயலுக்கு வயல் மீட்டர் வைக்காமல் டிரான்ஸ்பார்மரில் ஒரே மீட்டரோடு தொடங்கலாம். ஒரு 63 அல்லது 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் பத்துப் பதினைந்து தோட்டங்கள் இருக்கும், எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். மொத்தமாக மிச்சமானதற்கான பணம் குழுவுக்கு வரும், ஏக்கர் கணக்கில் பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் சிக்கனம் பிடிக்க இன்னொருவர் ஓட்டும் பிரச்சினை அப்போதும் இருக்கும். ஆனால் யார் மோட்டார் ஓடுகிறது என்பது காதில் விழும் தூரத்தில் இருப்பவர்களுக்குள் அதைப் பேசித் தீர்ப்பது, அதிகாரி வந்து தீர்ப்பதைவிட எளிது. டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜ் சரியாக நின்றால் காயில் எரிவதும் குறையும். பணத்தைவிட இந்த நன்மையைத்தான் விவசாயிகள் முதலில் உணர்வார்கள்.

பக்கத்துக்காரருக்குத் தண்ணீர் விற்பவர்களையும் கவனிக்க வேண்டும். ஒரு மணி நேரத் தண்ணீருக்குக் கிடைக்கும் காசு, மிச்சப்படுத்தியதற்குக் கிடைப்பதைவிட அதிகமானால் அவர் விற்கத்தான் செய்வார். லாரித் தண்ணீர் ஓடும் நகர விளிம்புகளில் 4 ரூபாய் எடுபடாது. அங்கே வேறு கட்டுப்பாடு வேண்டும்.

விதைப்புக்கு முன் போடும் வரவு செலவு

பணம் மட்டும் போதாது, ஊருக்குத் தன் தண்ணீர் எவ்வளவு என்று தெரிய வேண்டும். பிரிவதற்கு முந்தைய ஆந்திரத்தின் ஏழு வறட்சி மாவட்டங்களில், அறுநூறுக்கும் மேற்பட்ட ஊர்களில், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் உதவியோடு விவசாயிகளே மழைமானி வைத்து அளந்தார்கள், கிணற்று நீர்மட்டம் எடுத்தார்கள், போர் வரத்தைப் பார்த்தார்கள். ரபி (குளிர்காலப் பயிர்) விதைப்புக்கு முன் ஊர் கூடி, இருக்கும் தண்ணீரையும் ஒவ்வொருவரும் போட நினைக்கும் பயிரின் தேவையையும் பலகையில் எழுதிக் கூட்டினார்கள். பற்றாக்குறை கண்ணுக்குத் தெரிந்ததும் பலர் தாங்களாகவே நெல் பரப்பைக் குறைத்தார்கள். மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் ஒரு படி மேலே போனது. ஊராட்சித் தலைவராக இருந்த போபட்ராவ் பவார் தலைமையில் அந்த ஊர் பாசனத்துக்குப் போர் போடுவதையும் கரும்பு, வாழை போடுவதையும் விலக்கிவைத்தது. தமிழ்நாட்டில் இந்தக் கூட்டத்துக்கு ஏற்ற நேரம் தை மாதம். வடகிழக்கு மழை முடிந்திருக்கும், கோடைப் பயிர் முடிவாகியிருக்காது.

தண்ணீர் தீர்ந்த பிறகு வெளியில் இருந்து கொண்டுவருவதற்கு என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் ஒரு கணக்கு இருக்கிறது. 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 1,916 கோடி ரூபாயில், பவானியின் உபரி நீர் 1.5 டி.எம்.சி.யை 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்கு ஏற்றுகிறது. அறுபது ஆண்டுக் கோரிக்கை அது, அந்த மக்களுக்கு அது கிடைத்தே ஆக வேண்டும். 1.5 டி.எம்.சி. என்பது 4.25 கோடி கன மீட்டர். முதலீட்டுக்கு வட்டியும் தேய்மானமும் ஆண்டுக்கு 8 சதவீதம் என்று வைத்தால் ஒரு கன மீட்டருக்கு 36 ரூபாய், ஆறு நீரேற்று நிலையங்களின் மின்சாரம் தனி. அந்த விலையில் ஒரு ஏக்கர் கோடை நெல்லின் தண்ணீர் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய், நெல்லின் மதிப்பைப் போல் மூன்று மடங்கு.

குளத்தில் நிரப்பிய அந்தத் தண்ணீர் கீழே இறங்கிச் சுற்றிலும் உள்ள போர்களுக்குத்தான் போகும். எனவே டிரான்ஸ்பார்மர் மீட்டரும் மிச்ச யூனிட்டுக்கான பணமும் முதலில் போக வேண்டிய இடம் அந்த 1,045 நீர்நிலைகளைச் சுற்றியுள்ள தோட்டங்கள். குளம் நிரம்பியதும் அங்கே நிலக்கடலையும் சோளமும் நெல்லாகவும் வாழையாகவும் மாறினால், ஏற்றிய தண்ணீர் அடுத்த கோடைக்குள் தீர்ந்துவிடும்.